ஸ்காட்லாந்துக் கால்பந்துப் பிரமிடு: கீழே அகலம், மேலே ஒரே ஒரு வாசல்

2003-04 சீசனில் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் என்ற ஸ்காட்லாந்துக் கிளப் 36 ஆட்டங்கள் ஆடி மொத்தமே 8 புள்ளிகள் எடுத்தது. இரண்டில் வெற்றி, இரண்டில் டிரா, மீதி 32-லும் தோல்வி. அது ஆடிக்கொண்டிருந்தது தேசிய லீகின் ஆகக் கடைசி டிவிஷனில். அதற்கு முந்தைய சீசனிலும் கடைசி இடம்தான், அடுத்து வந்த மூன்று சீசன்களிலும் கடைசி இடம்தான். ஆட்டக்காரர்களுக்கு வாரம் 10 பவுண்டு சம்பளம் என்று பத்திரிகைகள் எழுதிச் சிரித்தன. சரி, ஐந்து வருடம் தொடர்ந்து கடைசியில் நின்றதற்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. கோடை முடிந்ததும் அதே டிவிஷனில் மறுபடி ஆட வந்தார்கள்.

கிட்டத்தட்ட அதே காலத்தில், வடக்கே அபர்டீன் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் கோவ் ரேஞ்சர்ஸ் 2008-லும் 2009-லும் வடபகுதிக் கிளப்புகள் ஆடும் ஹைலேண்ட் லீகை வென்றது. அவர்களுக்கு என்ன பரிசு? ஒரு கோப்பை. அவ்வளவுதான். ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் ஆடிய டிவிஷனுக்குள் அவர்கள் நுழைய வழியே இல்லை.

இந்த இரண்டு கிளப்புகளையும் ஒரே ஏணியில் கொண்டுவந்து நிறுத்துவதைத்தான் பிரமிடு முறை என்கிறோம். உச்சியில் ஒரு லீக். அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே பகுதிவாரியாகப் பிரிந்த பல லீகுகள். ஒவ்வொரு சீசன் முடிவிலும் மேல் லீகில் கடைசியாக வந்தவர் கீழே போகிறார், கீழ் லீகில் முதலாவதாக வந்தவர் மேலே ஏறுகிறார். கொள்கை அளவிலாவது, ஊர்ப் பூங்காவில் ஆடும் அணி வருடத்துக்கு ஒரு படியாக ஏறி உச்சிவரை போய்விடலாம். இங்கிலாந்தில் லீகுக்குள் நேரடியாக ஏறும் வழி 1987-லேயே திறந்துவிட்டது. எல்லைக்கு வடக்கே இருக்கும் ஸ்காட்லாந்து அதற்கு இன்னும் 28 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

ஏன் அவ்வளவு தாமதம்?

ஸ்காட்டிஷ் ஃபுட்பால் லீக் 1890-ல் தொடங்கியது. அதில் எந்தக் கிளப் இருக்க வேண்டும் என்பதை அதில் ஏற்கெனவே இருந்த கிளப்புகளே தீர்மானித்தன. புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் ஓட்டெடுப்பு நடக்கும். ஓட்டுப் போடுகிறவர்கள் உள்ளே இருப்பவர்கள். எனவே இடம் காலியானால்தான் கதவு திறக்கும். ஏதாவது கிளப் திவாலாக வேண்டும், இல்லாவிட்டால் லீகே தன் அளவைப் பெரிதாக்க வேண்டும்.

1994-ல் நான்கு டிவிஷன், டிவிஷனுக்குப் பத்துக் கிளப் என்று லீகை மாற்றியமைத்தபோது இரண்டு இடங்கள் கிடைத்தன. ஹைலேண்டில் இருந்து இன்வெர்னஸ் கலிடோனியன் திஸில், ராஸ் கவுண்டி இரண்டும் உள்ளே வந்தன. 2000-ல் இன்னும் இரண்டு இடங்கள் வர, பீட்டர்ஹெட்டும் எல்ஜின் சிட்டியும் சேர்ந்தன. 2002-ல் ஏர்ட்ரியோனியன்ஸ் திவாலானது, அந்த இடம் கிரெட்னாவுக்குப் போனது. 2008-ல் கிரெட்னாவே மூழ்கியது. அந்தக் காலியிடத்துக்கு ஐந்து கிளப்புகள் வரிசையில் நின்றன, கோவ் ரேஞ்சர்ஸும் அதில் ஒன்று. ஓட்டில் ஜெயித்தது அனன் அத்லெடிக். மைதானம் எப்படி, கணக்குவழக்கு எப்படி, எந்த ஊர் என்பதெல்லாம் பேசப்பட்டன. ஆட்டத்தில் யார் கெட்டி என்பது அந்தப் பட்டியலில் ஒரு வரிதான்.

1994-ல் வந்த அந்த இருவரும் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் மூடிய கதவு எவ்வளவு திறமையை வெளியே நிறுத்தியிருந்தது என்பது புரியும். இன்வெர்னஸ் பத்தே ஆண்டுகளில், 2004-ல், உச்ச லீகுக்கு ஏறியது, 2015-ல், வெவ்வேறு அடுக்குக் கிளப்புகள் மோதும் நாக்-அவுட் போட்டியான ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. ராஸ் கவுண்டியின் ஊரான டிங்வாலில் மொத்த மக்கள்தொகையே சுமார் ஐந்தாயிரம். அவர்கள் 2012-ல் உச்ச லீகுக்குப் போய், 2016-ல் லீக் கோப்பையைத் தூக்கினார்கள். நூறு வருடமாக ஹைலேண்ட் லீகில் இப்படி எத்தனை அணிகள் வந்து போயிருக்குமோ!

மாற்றம் வேண்டும் என்ற பேச்சு பல காலமாக இருந்ததுதான். முன்னாள் முதலமைச்சர் ஹென்றி மெக்லீஷ் ஸ்காட்டிஷ் கால்பந்து பற்றி 2010-ல் கொடுத்த அறிக்கையும் பிரமிடு வேண்டும் என்றது. ஆனால் அறிக்கையை விடப் பெரிய உந்துதல் 2012-ல் வந்தது. கிளாஸ்கோ நகரத்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பை நடத்திய நிறுவனம் திவாலாகி, புதிய நிறுவனத்தின் கீழ் நான்காவது அடுக்கில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நாட்டின் மிகப் பெரிய இரண்டு கிளப்புகளில் ஒன்று கடைசி டிவிஷனில் ஆடுகிறது என்றால் மொத்த அமைப்பையும் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

2013 ஏப்ரலில் 12-12-18 என்று மூன்று டிவிஷன்களாக மாற்றும் திட்டம் ஓட்டுக்கு வந்தது. உச்ச லீகின் 12 கிளப்புகளில் 11 ஆதரித்தால்தான் அது நிறைவேறும். செயின்ட் மிர்ரனும் ராஸ் கவுண்டியும் எதிர்த்தன, 10-2 என்று திட்டம் விழுந்தது. பத்துப் பேர் வேண்டும் என்று சொல்லி இரண்டு பேர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்! ஸ்காட்டிஷ் கால்பந்தின் நிர்வாகத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு ஓட்டெடுப்பு போதும்.

இருந்தாலும் அந்தக் கோடையில் மேல் லீகும் கீழ் லீகும் இணைந்து ஸ்காட்டிஷ் புரொஃபஷனல் ஃபுட்பால் லீக் உருவானது. பிரீமியர்ஷிப்பில் 12, சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஒவ்வொன்றிலும் 10, ஆக மொத்தம் 42 கிளப்புகள். இந்த 42-க்குக் கீழே ஐந்தாவது அடுக்கு ஒன்று அமைந்தது. வடக்கே 1893-ல் இருந்தே நடந்துவரும் ஹைலேண்ட் லீக். தெற்கே 2013-ல் 12 கிளப்புகளோடு புதிதாகப் பிறந்த லோலேண்ட் லீக். எது வடக்கு, எது தெற்கு என்பதற்குக்கூட ஒரு கோடு உண்டு. டண்டீ நகரத்தில் டே ஆற்றின் மேல் போகும் சாலைப் பாலத்தின் நடுப்பகுதி வழியாகக் கிழக்கு மேற்காகக் கோடு கிழித்தால், அதற்கு மேலே ஹைலேண்ட், கீழே லோலேண்ட்.

கிளப் 42

பிரமிடின் கணக்கு இங்கேதான் கொஞ்சம் சிக்கலாகிறது, எனவே நிதானமாகப் பார்ப்போம்.

லீக் டூவில் பத்தாவதாக, அதாவது மொத்த லீகில் 42-ஆவதாக வரும் அணியை எல்லோரும் 'கிளப் 42' என்றே அழைக்கிறார்கள். வேறு நாடுகளில் பொதுவாகக் கடைசி அணி நேராகக் கீழே போய்விடும். இங்கே 2025 நிலவரப்படி அப்படி இல்லை. முதலில் ஹைலேண்ட் சாம்பியனும் லோலேண்ட் சாம்பியனும் தங்களுக்குள் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டும், தலா ஒன்று சொந்த மைதானத்தில். இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டி வெல்பவர் அடுத்ததாகக் கிளப் 42-ஓடு இன்னும் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டும். இரண்டாவது ஆட்டம் நடப்பது கிளப் 42-இன் மைதானத்தில். அதிலும் வென்றால்தான் மேலே போகலாம். தோற்றால், வருடம் முழுக்க ஜெயித்த சாம்பியன் அதே லீகில் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

ஆக, ஐந்தாவது அடுக்கில் வருடா வருடம் இரண்டு சாம்பியன்கள். மேலே போகக் கூடியவர் அதிகபட்சம் ஒருவர். பல வருடம் ஒருவரும் போவதில்லை. கிளப் 42-க்கோ, சீசன் முழுக்கத் தோற்றாலும் கடைசியில் இரண்டு ஆட்டங்களில் தப்பித்துக்கொள்ள வாய்ப்பு. என்னைக் கேட்டால் இது உள்ளே இருப்பவருக்குச் சாதகமாகச் சாய்ந்த தராசு, அதுவும் வேண்டுமென்றே சாய்த்து வைத்தது. கதவே இல்லாமல் இருந்த இடத்தில் ஒரு கதவு கிடைக்கட்டும் என்று கீழே இருந்தவர்கள் அப்போது ஒப்புக்கொண்டார்கள்.

முதல் முறையாக 2015-ல் இந்த பிளே-ஆஃப் நடந்தது. வடகோடியில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ப்ரோரா என்ற கடலோர ஊரின் அணி, லோலேண்ட் சாம்பியன் எடின்பரோ சிட்டியைத் தாண்டி மான்ட்ரோஸை எதிர்கொண்டது. முதல் ஆட்டத்தில் 1-0 என்று வென்றார்கள். இரண்டாவதில் 3-1 என்று தோற்றார்கள். ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் பிழைத்த மான்ட்ரோஸ், மூன்றே ஆண்டுகளில், 2018-ல், லீக் டூ சாம்பியன் ஆனது.

அடுத்த ஆண்டு எடின்பரோ சிட்டி மறுபடி வந்தது. இந்த முறை எதிரே நின்ற கிளப் 42 யார் தெரியுமா? நம் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர். கூட்டுக் கணக்கில் 2-1. நூறாண்டுக்கு முன்னாலேயே லீகில் சேர்ந்த கிளப், ஒருகாலத்தில் அலெக்ஸ் ஃபெர்குசன் முதன்முதலாக மேனேஜராக வேலை பார்த்த கிளப், பிரமிடு வழியாகக் கீழே இறங்கிய முதல் அணி ஆனது.

2019-ல் கோவ் ரேஞ்சர்ஸுக்கு விடிந்தது. எதிரே பெரிக் ரேஞ்சர்ஸ். இங்கிலாந்து எல்லைக்குள் இருந்துகொண்டு ஸ்காட்லாந்து லீகில் ஆடிய அணி அது, 1967-ல் கோப்பை ஆட்டத்தில் பெரிய ரேஞ்சர்ஸையே 1-0 என்று தோற்கடித்த புகழ் அதற்கு உண்டு. கோவ் அவர்களை மொத்தமாக 7-0 என்று அடித்து விரட்டியது. பதினொரு ஆண்டுகளுக்கு முன்னால் ஓட்டெடுப்பில் வேண்டாம் என்று தள்ளப்பட்ட கிளப் இது. மேலே வந்ததும் நிற்கவில்லை, 2022-க்குள் இரண்டாவது அடுக்கான சாம்பியன்ஷிப்புக்கே போய்விட்டது. 2021-ல் ஏறிய கெல்டி ஹார்ட்ஸ் அடுத்த சீசனிலேயே லீக் டூவை வென்றது. அதே கெல்டியிடம் தோற்று இறங்கிய ப்ரீக்கின் சிட்டியின் கதை நேர் எதிர். 2017-18-ல் சாம்பியன்ஷிப்பில் ஆடி, 36 ஆட்டங்களில் ஒன்றுகூட வெல்லாமல் 4 புள்ளிகள் எடுத்தார்கள், மூன்றே ஆண்டில் ஐந்தாவது அடுக்குக்கு வந்துவிட்டார்கள். (மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சுவருக்குப் பதிலாக உயரமான வேலிச்செடி வளர்த்திருக்கும் கிளப் அது. ஸ்காட்லாந்துக் கால்பந்து ரசிகர்களுக்கு அந்த வேலி மேல் தனிப் பிரியம்.)

அப்புறம் கௌடன்பீத், ஆல்பியன் ரோவர்ஸ் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். பானிரிக் ரோஸ், ஸ்பார்ட்டன்ஸ், ஈஸ்ட் கில்பிரைடு என்று புதியவர்கள் ஏறினார்கள். 2025 வரை, லீகை விட்டு இறங்கிய பழைய கிளப் எதுவும் திரும்ப மேலே வரவில்லை. கீழே இருப்பவர்கள் தரம் குறைந்தவர்கள் என்ற வாதத்துக்கு இதை விடப் பெரிய பதில் வேண்டுமா?

ஜூனியர் கிளப்புகளின் இடப்பெயர்ச்சி

இதுவரை சொன்னது மேல் பாதி. பிரமிடின் கீழ்ப் பாதியில் நடந்தது இன்னும் பெரிய புரட்சி, ஆனால் வெளியில் அதிகம் பேசப்படவில்லை.

ஸ்காட்லாந்தில் 'ஜூனியர் கால்பந்து' என்றால் சிறுவர்கள் ஆடுவது இல்லை. 1886-ல் உருவான தனிச் சங்கத்தின் கீழ், சுரங்கத் தொழிலாளர் ஊர்களிலும் தொழிற்சாலை ஊர்களிலும் வளர்ந்த, பெரியவர்கள் ஆடும் ஒரு தனி உலகம் அது. தனி லீகுகள், தனிக் கோப்பை. ஆக்கின்லெக் டால்போட் போன்ற ஏர்ஷயர் கிளப்புகளுக்கு ஜூனியர் கோப்பைதான் எல்லாம், பக்கத்து ஊரோடு நடக்கும் டெர்பி ஆட்டங்களுக்கு வரும் கூட்டத்தை லீக் டூ கிளப்புகள் பொறாமையோடு பார்க்கும். ஆட்டத்தரத்திலும் சளைத்தவர்கள் இல்லை. 2019-ல் ஸ்காட்டிஷ் கோப்பையில் டால்போட், இரண்டாவது அடுக்கில் ஆடிய ஏர் யுனைடெட்டை 1-0 என்று வீழ்த்தியது.

இப்படிப்பட்ட உலகத்துக்குப் பிரமிடில் இடம் இல்லை. ஜூனியர் லீகை வென்றால் ஜூனியர் லீகிலேயே இருக்க வேண்டும். சங்கம் முழுவதும் ஒன்றாகப் பிரமிடில் சேர்வது பற்றிப் பேச்சுவார்த்தைகள் இழுத்துக்கொண்டே போயின. பொறுமை இழந்து முதலில் கிளம்பியது ஃபைஃப் மாவட்டத்தின் கெல்டி ஹார்ட்ஸ். 2017-ல் ஜூனியரை விட்டு, லோலேண்ட் லீகுக்குக் கீழே இருக்கும் ஈஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து லீகில் சேர்ந்தது. வந்த முதல் வருடமே அதை வென்று லோலேண்டுக்கு ஏறியது. அதைப் பார்த்த மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 2018-ல் பானிரிக் ரோஸ், லின்லித்கோ ரோஸ், போனஸ் யுனைடெட் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட கிழக்குப் பகுதி ஜூனியர் கிளப்புகள் ஒரே மூச்சில் இடம் மாறின. சின்ன லீகாக இருந்தது ஒரே கோடையில் பல பிரிவுகளாகப் பிரிக்கும் அளவுக்குப் பெருத்துவிட்டது.

கிழக்கு போனதும் மேற்குக்கு வேறு வழி இருக்கவில்லை. 2020-ல் வெஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து லீக் உருவாகி, அறுபதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் அதில் சேர்ந்தன, டால்போட் உட்பட. 2021-ல் டண்டீ வட்டாரத்துக் கிளப்புகள் மிட்லண்ட்ஸ் லீகாக ஹைலேண்ட் லீகின் கீழே சேர்ந்தன. 2025 நிலவரப்படி ஆறாவது அடுக்கில் தெற்கே மூன்று லீகுகள் லோலேண்டுக்கு ஆள் அனுப்புகின்றன, வடக்கே மூன்று ஹைலேண்டுக்கு அனுப்புகின்றன.

ஜூனியர் கோப்பை இன்னும் நடக்கிறது, ஆனால் பழைய எடை அதற்கு இல்லை. அந்த உலகத்தின் பிடிவாதமும் கொண்டாட்டமும் கொஞ்சம் கரைந்துவிட்டன என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த வருத்தத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் 2023 ஜனவரியில் ஆறாவது அடுக்குக் கிளப் டார்வெல், உச்ச லீகின் அபர்டீனை 1-0 என்று கோப்பையை விட்டு வெளியேற்றியது. ஜூனியரில் இருந்து வந்த கிளப் அது. அந்த இரவுக்குப் பிறகு பிரமிடின் அடிப்பகுதியைப் பற்றி லண்டன் பத்திரிகைகள்கூட எழுதின.

ஆட்டம் மட்டும் போதாது

லீகை வென்றால் மட்டும் மேலே ஏறிவிட முடியாது. ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கத்தின் கிளப் உரிமம் வேண்டும். மின்விளக்குக் கோபுரங்கள், முறையான உடைமாற்றும் அறைகள், முதலுதவி ஏற்பாடு, குழந்தைப் பாதுகாப்பு விதிகள், தணிக்கைக்குத் தயாரான கணக்கு எல்லாம் பார்ப்பார்கள். மாலையில் விளக்குப் போட்டு ஆட வசதியில்லாத ஊர்க் கிளப்புக்கு அந்தக் கோபுரங்கள்தான் முதல் பெரிய செலவு. உரிமம் கிடைத்தால் வருடா வருடம் ஸ்காட்டிஷ் கோப்பையில் ஆடலாம் என்பது தூண்டில். உரிமம் இல்லாத சாம்பியன் கோப்பையை வாங்கிக்கொண்டு அதே லீகில் உட்கார வேண்டியதுதான்.

மேலே போன பிறகும் விதிகள் விடுவதில்லை. பானிரிக் ரோஸின் மைதானம் ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் சரிவாக இருக்கும், டிவியில் பார்த்தாலே தெரியும். லீகின் விதிகளுக்கு அந்தச் சரிவு அதிகம் என்று 2024-25 சீசனில் 6 புள்ளிகளைப் பிடுங்கினார்கள். அந்த சீசனில் கடைசி இடம் வந்து, பிளே-ஆஃபில் ஈஸ்ட் கில்பிரைடிடம் தோற்று இறங்கிவிட்டார்கள். பல்லாண்டு காலமாக அதே சரிவில் ஆடி ஏறி வந்த கிளப்பைச் சரிவுக்காகவே தண்டித்தது எனக்கு ஒப்பவில்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதைக் கடைப்பிடிக்க வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு.

இப்போதைய சண்டை

கீழே இருக்கும் கிளப்புகள் கேட்பது எளிமையானது. லீக் டூவில் கடைசியாக வருபவர் நேரடியாகக் கீழே போகட்டும், நாங்கள் இருவரும் மோதி வெல்பவர் நேரடியாக மேலே வரட்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் லீகின் விதியை மாற்றும் ஓட்டு 42 கிளப்புகளின் கையில் இருக்கிறது. லீக் ஒன், லீக் டூவில் இருப்பவர்களின் பெரும்பான்மை ஆதரவு இல்லாமல் அது நகராது. அடுத்த வருடம் கடைசி இடம் தனக்கே வரலாம் என்று பயப்படும் கிளப் எப்படிக் கை தூக்கும்? கீழே போனால் லீகின் பங்குப் பணம் குறையும், டிக்கெட் வருமானம் குறையும், வீரர்கள் கிளம்பிவிடுவார்கள். இது வெறும் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. நூறாண்டுக் கிளப்பை ஒரு மோசமான சீசன் மூடிவிடக் கூடாது என்ற கவலையும் அதில் இருக்கிறது.

2020-ல் கொரோனா வந்தபோது இதன் கூர்மை தெரிந்தது. சீசனைப் பாதியில் முடித்து, அப்போதைய நிலவரப்படி ஹார்ட்ஸ், பார்ட்டிக் திஸில், ஸ்ட்ரான்ரார் மூன்றையும் கீழே இறக்கினார்கள். ஆனால் ஐந்தாவது அடுக்கின் சாம்பியன்களான கெல்டி ஹார்ட்ஸுக்கும் ப்ரோராவுக்கும் பிளே-ஆஃபே நடக்கவில்லை. கிளப் 42-ஆக இருந்த ப்ரீக்கின் தப்பித்தது. எல்லோரையும் சமாதானப்படுத்த லீகை விரிவாக்கலாம் என்ற யோசனையும் போதிய ஆதரவு இல்லாமல் கைவிடப்பட்டது. அடுத்த மார்ச்சில் ப்ரோரா ஸ்காட்டிஷ் கோப்பையில் ஹார்ட்ஸை 2-1 என்று தோற்கடித்தது!

இன்னொரு சண்டை பெரிய கிளப்புகளின் இளைஞர் அணிகள் பற்றியது. 2021 முதல் செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டின் 'பி' அணிகளும் விருந்தினராக லோலேண்ட் லீகில் ஆட அனுமதிக்கப்பட்டன, மேலே ஏறவோ கீழே இறங்கவோ முடியாது என்ற நிபந்தனையோடு. 2023-ல் ஒரு படி மேலே போய், லீக் டூவுக்கும் ஐந்தாவது அடுக்குக்கும் நடுவில் கான்ஃபரன்ஸ் லீக் என்று புதிய அடுக்கு ஒன்றைச் செருகும் திட்டம் வந்தது. பத்து இடங்களில் நான்கு பி அணிகளுக்கு. அப்படி நடந்திருந்தால் லோலேண்டும் ஹைலேண்டும் ஓர் அடுக்கு கீழே தள்ளப்பட்டிருக்கும். எதிர்ப்பு வலுக்கவே, ஓட்டுக்கு வரும் முன்பே திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். கஷ்டப்பட்டுக் கட்டிய ஏணியின் நடுவில், ஏறாத அணிகளுக்காக ஒரு படியைச் சேர்ப்பது எனக்குக் கொஞ்சமும் புரியாத யோசனை.

இவ்வளவையும் ஒரே கிளப்பின் வழியாகப் பார்க்க விரும்பினால் கிளைட்பேங்கைப் பாருங்கள். 1980-களில் உச்ச லீகில் ஆடிய கிளப் அது. 2002-ல் ஏர்ட்ரியோனியன்ஸ் திவாலானபோது, அந்த ஊர்க்காரர்கள் கடனில் தத்தளித்த கிளைட்பேங்கை விலைக்கு வாங்கி, அதன் லீக் இடத்தை எடுத்துக்கொண்டு பெயரை ஏர்ட்ரி யுனைடெட் என்று மாற்றிவிட்டார்கள். கிளைட்பேங்க் ரசிகர்கள் அடுத்த ஆண்டே கிளப்பை ஜூனியரில் புதிதாகத் தொடங்கினார்கள். ஜூனியரில் இருந்தவரை எவ்வளவு ஜெயித்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பப் பாதையே இல்லை. 2020-ல் மற்றவர்களோடு வெஸ்ட் ஆஃப் ஸ்காட்லாந்து லீகுக்கு மாறினார்கள். 2025-ல் அதை வென்று லோலேண்ட் லீகுக்கு ஏறினார்கள். அவர்கள் ஏறியபோது இருந்த விதிப்படி லீக் டூவுக்குப் போக லோலேண்டை வெல்ல வேண்டும், ஹைலேண்ட் சாம்பியனை இரண்டு ஆட்டங்களில் தாண்ட வேண்டும், பிறகு கிளப் 42-ஐ இன்னும் இரண்டு ஆட்டங்களில் தாண்ட வேண்டும்.